வெட்டிய வசனமும் ஒட்டிய ஹதீஸும்

(காஞ்சிபுரத்தில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரை)



1985இல் சாந்த்மல் சோப்ரா என்பவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டார். திருக்குர்ஆனையே தடை செய்ய வேண்டுமாம்! ஆதாரம்? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்தெடுத்த வசனங்கள். அதே ஆண்டு மே மாதம் நீதிபதி பசக் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் வெட்டி எடுக்கும் பழக்கம் ஒழியவில்லை. அன்று துண்டுப் பிரசுரம், இன்று வாட்ஸ்அப்.

இவர்கள் தவறாமல் காட்டுவது 9வது அத்தியாயத்தின் 5வது வசனம். உடன்படிக்கையைப் பேணியவர்களுக்கு அது பொருந்தாது என்கிறது 4வது வசனம். இணைவைப்பவர் அடைக்கலம் கேட்டு வந்தால் பாதுகாப்புக் கொடுத்து, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது 6வது வசனம். கரையையும் முந்தியையும் வெட்டி எறிந்துவிட்டு, இதுதான் காஞ்சிப் பட்டு என்று நீட்டினால் இந்த ஊரில் யார் ஒப்புக்கொள்வார்? இளைஞர்களே, ஆத்திரப்படாதீர்கள். மூன்று வசனங்களையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

சரி, நாம் யோக்கியமா?

இது அண்ணா பிறந்த ஊர். குலம் ஒன்று, தெய்வம் ஒன்று என்ற அவருடைய முழக்கத்தை நம் மேடைகளில் முழங்குகிறோம். அவர் அதைத் திருமூலரின் திருமந்திரத்திலிருந்து எடுத்தார். திருமூலரோ சிவனைப் பாடியவர். அந்த ஒரு வரியை மட்டும் உருவி, அவரும் நம் கொள்கையைத்தான் சொன்னார் என்று சாதிப்பது என்ன நியாயம்? நம் வேதத்தை அவர்கள் வெட்டக்கூடாது. அவர்கள் நூலை நாம் மட்டும் வெட்டலாமா?

இதைவிடப் பெரிய ஆபத்து, நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது. சீனாவுக்குப் போயாவது கல்வி தேடச் சொன்னார்கள் என்று பேசாத மீலாது மேடை உண்டா? அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்றார் இமாம் பைஹகீ. இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்தார் ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ. 'கருத்து நல்லதுதானே ஹஜ்ரத்?' என்கிறார்கள். நல்ல கருத்தென்றால் உங்கள் பெயரிலேயே சொல்லுங்களேன்! கல்வி தேடுவது கடமை என்பதற்கு இப்னு மாஜாவில் ஹதீஸ் இருக்கிறதே, அது போதாதா?

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜரிகை வாங்கினால் வெள்ளியா செம்பா என்று உரசிப் பார்க்கிறீர்கள். கடைக் காலண்டரில் போடும் ஹதீஸை உரசிப் பார்த்தது யார்? அச்சகத்தில் போன வருடக் காலண்டரைப் பார்த்துக் கோத்திருப்பார்கள். நூலின் பெயரும் எண்ணும் கேளுங்கள். எண் இருந்தாலும் விடாதீர்கள். புரூஃபை ஓர் ஆலிமிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.