எந்தப் பாட்டியின் வைத்தியம்?



சிற்பம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்துக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1992-ல் ‘ஃபார்மசி’ என்று ஒரு படைப்பைச் செய்தார். ஒரு முழு அறை, சுவரெங்கும் அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாக மருந்துப் பெட்டிகள். பத்து ஆண்டு கழித்து, 6,136 மாத்திரைகளின் உருவங்களைச் செய்து, கையால் வண்ணம் பூசி, ஓர் எஃகு அலமாரியில் அடுக்கினார். 2007-ல் லண்டன் ஏலத்தில் அது 96 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. அந்த மாத்திரைகளில் மருந்து கிடையாது. மருந்தைச் சாமி மாதிரி கும்பிடும் காலத்தை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஆளே இல்லை. நோயாளி இல்லை, நர்ஸ் இல்லை, தரையைத் துடைக்கிறவரும் இல்லை.

ஆட்களை உள்ளே கொண்டுவந்தவர் சிமோன் லீ. அமெரிக்கக் கறுப்பினப் பெண், களிமண்ணிலும் வெண்கலத்திலும் வேலை செய்பவர், பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். 2016-ல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் ‘காத்திருப்பு அறை’ என்ற பெயரில் ஒரு காட்சி வைத்தார்.

பெயருக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 2008 ஜூனில் புரூக்ளினில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநல அவசரப் பிரிவு. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய 49 வயதுப் பெண் ஒருவர் ஏறக்குறைய 24 மணி நேரம் அங்கே காத்திருந்தார். கடைசியில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். ஒரு மணி நேரத்துக்கு அருகில் தரையிலேயே கிடந்தார். ஊழியர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருக்கிறது. கால் நரம்பில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியதுதான் சாவுக்குக் காரணம். நெடுநேரம் அசையாமல் இருந்தால் உருவாகக்கூடிய கட்டி அது. அடங்கிப் போவதே கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து என்பது லீயின் வாதம். ‘சொல்றவரைக்கும் அங்கயே உக்காரும்மா’ என்று கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காட்சியில் என்ன வைத்தார்? மூலிகை மருந்தகம், தியான அறை, உடற்பயிற்சி வகுப்பு. இது ஸ்பாவில் கிடைப்பதுதானே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

அக்குபங்சரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது பணமுள்ளவர்கள் மன அழுத்தம் குறையக் குத்திக்கொள்ளும் ஊசி. 1970-ல் நியூயார்க்கின் தென் பிராங்ஸில், யங் லார்ட்ஸ் என்ற புவேர்ட்டோ ரிக்க இளைஞர் அமைப்பு லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றிப் போராடியது. அதே ஆண்டு அவர்களும் கருஞ்சிறுத்தைகளும் சேர்ந்து அங்கே போதை மீட்பு மையம் தொடங்கினார்கள். ஹெராயினில் சிக்கிய ஏழைகளுக்குப் பிற்பாடு அங்கே அக்குபங்சர் சிகிச்சை தரப்பட்டது. 1978-ல் நகர நிர்வாகம் போலீஸை விட்டு அந்தக் குழுவை வெளியேற்றியது. ஊசி மட்டும் தப்பித்து அழகு நிலையத்துக்குப் போய்விட்டது!

கருஞ்சிறுத்தைகள் பல நகரங்களில் இலவச மருத்துவமனைகள் நடத்தியவர்கள். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பெயரை எடுத்தது அவர்களிடமிருந்துதான். அந்த மருத்துவமனைகளை நினைவில் வைத்துத்தான் லீ 2014-லேயே புரூக்ளினில், கறுப்பின மகப்பேறு மருத்துவர் ஜோசபின் இங்கிலிஷின் பழைய வீட்டில், சில வாரங்கள் ஓர் இலவச மருத்துவ மையம் நடத்தினார். அங்கே யோகாவும் அக்குபங்சரும் இருந்தன. வரவேற்றவர்கள் பழங்காலத்து நர்ஸ் உடையில் இருந்தார்கள். 1867-ல் தொடங்கப்பட்ட கறுப்பினப் பெண்களின் ரகசியச் செவிலியர் சங்கம் ஒன்றை அது நினைவூட்டியது. அவர் வடித்தது மருந்தை அல்ல, மருந்து கொடுத்த கையை.

இங்கே வருகிறேன். இணையத்தில் நலங்கு மாவும் பிரசவ லேகியமும் விற்கிறார்கள். அழகான டப்பா, மேலே ‘பாட்டி வைத்தியம்’ என்று எழுத்து. எந்தப் பாட்டி? ஊர் ஊராகப் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து பிள்ளையைக் கையில் வாங்கியவரை, விடிந்தால் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். அவர் கைக்குத் தீட்டு, அவர் அறிவுக்கு இப்போது விலை. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் என்பது எந்த டப்பாவிலும் இருக்காது.

பிரசவத் துணியைத் துவைத்தது யார்? வண்ணார் பெண்கள். சேரிக்குத் துவைத்தவர்கள் புதிரை வண்ணார். சுத்தம், தூய்மை என்று ‘வெல்னஸ்’ கடை பேசும் ஒவ்வொரு சொல்லும் இந்தக் கைகளால் வெளுக்கப்பட்டதுதான்.

இதனால்தான் லீயின் ஒரு சிற்பம் என்னை விட மாட்டேன் என்கிறது. 2022 வெனிஸ் பியன்னாலேயில் அமெரிக்க அரங்கை அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அங்கே ‘கடைசி உடுப்பு’ என்ற வெண்கலச் சிலை வைத்தார். ஆழமில்லாத தண்ணீரில் நின்று, குனிந்து துணி துவைக்கும் பெண். சுற்றுலாப் பயணிகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஜமைக்காவில் எடுத்த ஒரு புகைப்படம்தான் மூலம். அங்குள்ள மக்கள் சுத்தமானவர்கள், அடக்கமானவர்கள் என்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்ட இப்படிப்பட்ட படங்களை விற்றார்கள்.

அந்தச் சிலை எனக்குப் பிடிக்கும், அதனோடு ஒரு சங்கடமும் உண்டு. நாம் ஊர் ஊராக வைத்த சிலை அம்பேத்கர் சிலை. கோட்டு போட்டு, கையில் புத்தகத்தோடு நிமிர்ந்து நிற்கிறார். அந்த நிமிர்வுக்காகவே அதை உடைக்கிறார்கள், அதற்காகவே நாம் திரும்ப வைக்கிறோம். மருத்துவச்சிக்கும் வண்ணார் பெண்ணுக்கும் நாளை ஒரு சிலை செய்தால், அவர்களை வேலை செய்யும் கோலத்தில் குனிந்தபடி வடிப்பதா, நிமிர வைப்பதா? குனிந்து வடித்தால் உழைப்பு தெரியும். ஆனால் எங்கள் ஆயாவை வெண்கலத்திலும் குனிய வைத்துவிட்டீர்களே என்று அவருடைய பேத்தி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த அரங்கில் அப்படிப்பட்ட பேத்திகள் இருக்கிறீர்கள். மைக்கை உங்களிடம் தருகிறேன்.