கிரைண்டர் 'சுர்'ருன்னு இழுத்தா சும்மா விடாதீங்க
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தோம். கடன் வாங்கி மாவு கிரைண்டர் போட்டிருக்கிற ஒரு அக்கா, செருப்புப் போட்டுக்கிட்டுதான் மாவு அள்ளுறாங்க. கேட்டா, "வெறுங்காலோட தொட்டா சுர்ருன்னு இழுக்குதும்மா" என்றார்கள். ஆறு மாதமா இப்படித்தானாம். அந்தக் கடன் மனுவை நிரப்பிக் கொடுத்ததே நாங்கள்தான். தவணை எத்தனைன்னு கேட்டோம். பிளக்கை எங்கே சொருகுவீங்கன்னு கேட்கவில்லை.

கரண்ட் சுற்றுப் பாதையில்தான் ஓடும். பேஸ் கம்பியில் வந்து, மோட்டாரைச் சுற்ற வைத்து, நியூட்ரல் கம்பியில் திரும்ப வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் பாதை அறுந்துவிடும், அவ்வளவுதான். காக்கா ஒரே கம்பியில் இரண்டு காலையும் வைத்து உட்காருது. கரண்ட் திரும்பிப் போக அங்கே வழியில்லை, அதனால் பிழைக்குது. இன்னொரு கம்பியிலும் இறக்கை பட்டால் செத்து விழும், பார்த்திருப்பீங்க.

நாம் நிற்பதோ தரையில். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை மண்ணோடு சேர்த்திருப்பதால் தரையும் கரண்டுக்குத் திரும்பும் வழிதான். கிரைண்டருக்குள்ளே வயர் தேய்ந்து பாடியில் பட்டால், ஈரக் கையோடு தொடுகிற நம்ம உடம்பே கம்பியாகிவிடும். செருப்பு கொஞ்சம் தடுக்கும். அது நனைந்தாலோ, சுவரில் கை பட்டாலோ அதுவும் போச்சு.

இதுக்குத்தான் மூணு பின் பிளக். மேலே இருக்கிற தடித்த பின் எர்த்; கசிகிற கரண்டை நம்மை விட சுலபமான வழியில் மண்ணுக்குக் கொண்டுபோகும். அந்த அக்கா வீட்டு சாக்கெட்டில் மூணு ஓட்டை இருந்தது, பின்னால் எர்த் கம்பியே இல்லை! பீஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி வேற. அடிக்கடி பீஸ் போகுதுன்னு வீட்டுக்காரர் போட்டாராம். அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் உருகிப் போவதுதானே பீஸோட வேலை?

குழுவில் பேசி உள்கடன் கொடுத்தார்கள். எலக்ட்ரீசியன் எர்த் இறக்கி, கிரைண்டர் வயரை மாற்றி, ஆர்.சி.சி.பி. மாட்டினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கரண்டை நிறுத்திவிடும். 60 வாட் குண்டு பல்பு எடுப்பது இதைப் போல எட்டு மடங்குக்கு மேல். உயிர் போக அந்த பல்பு அளவுகூட வேண்டாம், அக்கா.

யாரையாவது கரண்ட் பிடித்தால் தொட்டு இழுக்காதீங்க, முதலில் மெயினை நிறுத்துங்க. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. டக்குன்னு ஆப் ஆகணும். ஆகலைன்னா அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.