கொழுந்து பறித்த கை
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



"சுற்றுலா போன கதையைப் பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். பேசுகிறேன். கூடவே, பதினைந்து வருஷமாக உங்களிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். கூடலூர் சாலையில் நடுவட்டம் என்றொரு ஊர். அங்கே ஒரு பழைய சிறை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கைதிகளை வெள்ளைக்காரர்கள் அடைத்து வைத்த இடம். நீலகிரிக்குத் தேயிலைப் பக்குவம் அவர்கள் கைவழியாகத்தான் வந்தது என்று சொல்கிறார்கள்.

பிறகு பச்சைத் தேயிலை செய்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். பச்சைத் தேயிலைக்குத் தனிச் செடி கிடையாது. எல்லாம் ஒரே செடிதான். இலையை வாட்டி, உருட்டி, காற்றுப் பட விட்டால் கறுக்கும். பறித்த கையோடு சூடு காட்டினால் பச்சை நிற்கும். சீனாவில் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரு ரசாயன வினையை நேரம் பார்த்து நிறுத்துவது, அவ்வளவுதான். இன்ஜினியர் அல்லவா, பிள்ளைகளுக்கு இதை ரொம்பப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் அப்பத்தாவைக் காணோம். தோட்டத்துக்குள் நிற்கிறார். இரண்டு இலை, ஒரு மொட்டு. கை தானாக ஓடுகிறது. "கொழுந்தைக் கூடையில அமுக்கக் கூடாதுய்யா. சூடேறி, ஆலைக்குப் போறதுக்கு முன்னாலேயே செவந்துரும். அப்புறம் எடை குறைச்சு அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார். நான் புத்தகத்தில் படித்த வினை, அவர் கூடையில் பார்த்த வினை.

என் அப்பத்தா இலங்கை மலைத்தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 பேரில் ஒருவர். 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். இப்படி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. எங்கள் குடும்பமோ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலைக்கே, பூர்வீக ஊருக்கே, திரும்பியது. களையெடுத்தும் மில் வேலை பார்த்தும் அப்பத்தா என் அப்பாவைப் படிக்க வைத்தார். இன்றைக்கும் புரட்டாசிச் சனி தவறாமல் மலையேறிப் பெருமாளைக் கும்பிடுகிறார்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முறுக்குத் தூக்கோடு விடுதி வாசலுக்கு வந்தார். "யாருடா?" என்று நண்பன் கேட்டான். "ஊர்க்காரப் பாட்டி" என்றேன். அது அவர் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் தூக்கைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

நடுவட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்க?" என்று சிரித்தார்.

தம்பி தங்கைகளே, விடுதி வாசலில் உங்களைத் தேடி யாராவது வந்தால், உறவைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன்: மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் என் அப்பத்தா.