பல்செட்டும் இரவுத் தூக்கமும்



பல் போன பலர் பல்செட் கட்டிக்கொள்கிறார்கள். பகலில் அது நல்ல துணை. சோறு மெல்லலாம். பேச்சு தெளிவாக வரும். இரவில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் பலர் அதைக் கழற்றுவதில்லை.

ஏன்? வெட்கம்தான் பெரிய காரணம். பொக்கை வாயை மருமகள் பார்த்துவிடக் கூடாது. பேரப்பிள்ளை சிரித்துவிடக் கூடாது. கட்டிய கணவருக்குக்கூடக் காட்டாத பாட்டிமார் உண்டு. எலி இழுத்துப் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அது வீண் பயம் இல்லை. அதற்கு ஒரு மூடி போட்ட டப்பா போதும்.

எச்சில்தான் வாயைக் கழுவுகிறது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். பல்செட்டுக்கு அடியில் கிருமியும் பூஞ்சையும் வளரும். மேல் அண்ணம் சிவந்து போகும். பலருக்கு அது தெரிவதே இல்லை. சிலருக்கு எரியும். எரிந்தால் தூக்கம் எப்படி வரும்?

இதைவிடப் பெரிய ஆபத்து நுரையீரலுக்கு. தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கும். கிருமியும் கூடவே போகும். அதனால் நிமோனியா காய்ச்சல் வரலாம். வயதானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. ஜப்பானில் டோக்கியோ நகரில், 85 வயது நிரம்பிய 524 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். 453 பேர் பல்செட் அணிந்தவர்கள். அவர்களில் 186 பேர் இரவிலும் கழற்றாதவர்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. கழற்றாதவர்களுக்கு நிமோனியா ஆபத்து 2 மடங்குக்கும் மேல். பல்செட் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கழற்றி வைக்கக் காசா, பணமா?

கழற்றினால் தூக்கம் வராது என்பார்கள். முதல் சில நாள் வாய் வெறுமையாகத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும்.

குறட்டை விடும்போது மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர்களில் சிலருக்குப் பல்செட் இருந்தால் மூச்சு எளிதாகிறது. சிலருக்கு நேர்மாறாக இருக்கிறது.

ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள சிறிய செட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும். அது தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடலாம்.

கழற்றியதும் மெல்லிய பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பற்பசை கீறல் போடும். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கட்டும். கை நழுவினாலும் உடையாது. பிறகு டப்பாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

எல்லோரும் படுத்த பிறகு பின்பக்கம் போய்க் கழற்றினால் யார் பார்க்கப் போகிறார்கள்?