பங்கிட்டு உண்ணும் திருநாள்



பள்ளிப் பருவத்துப் பூகோளப் பாடத்தில் எஸ்கிமோக்கள் என்ற பெயரால் நாம் படித்த மக்களுள் பலர், தம்மை இன்யூட் என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவ்வினத்தின் ஒரு கிளையினரான இனுப்பியாட் மக்கள் அமெரிக்க நாட்டு அலாஸ்காவின் வடகோடியில் வாழ்கின்றனர். அவர்களுடைய வசந்தகால விழாவாகிய நலுக்கட்டாக் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

இவ்விழா நடைபெறும் ஊர்களுள் பெரியது உட்கியாக்விக். முன்பு பாரோ எனப்பட்ட அவ்வூரின் பழம்பெயரை, 2016-ஆம் ஆண்டில் மக்களே வாக்களித்து மீட்டனர். வட அட்சரேகை 71 பாகையில் உள்ளதால், மே மாத இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்டுத் தொடக்கம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஜூன் மாதத்தில் வரும் இவ்விழாவுக்கு இரவு என்பதே கிடையாது.

ஏப்ரல், மே மாதங்களில் கடற்பனி பிளந்து நீர்வழி தோன்றும். அவ்வழியே செல்லும் வில்தலைத் திமிங்கிலங்களை, கடல்நாய்த் தோல் போர்த்த ஓடங்களில் சென்று வேட்டையாடுவர். ஓடத்துக்குத் தோல் தைத்துக் கொடுப்பவர்கள் பெண்கள். வேட்டைக் குழுவின் தலைவருக்கு உமியாலிக் என்று பெயர். திமிங்கிலம் கிடைத்த குழுவினரே விழாவை நடத்தும் உரிமையும் கடமையும் உடையவர்கள்.

விழா நாளன்று அங்குச் செல்பவர் முதலில் காண்பது, திறந்த வெளியில் காற்றை மறைக்கக் கட்டிய தடுப்பும், அதனருகே பறக்கும் குழுக்களின் கொடிகளுமாகும். ஊரார் குடும்பம் குடும்பமாகப் பாத்திரங்களுடன் வந்து அமர்கின்றனர். பிரார்த்தனைக்குப் பின், வேட்டையில் வென்ற குழுவினர் வரிசைதோறும் நடந்து காட்டு வாத்துச் சூப்பும் தேநீரும் வழங்குகின்றனர். பிறகு திமிங்கில இறைச்சியும், மக்தாக் எனப்படும் கொழுப்போடு கூடிய தோலும் பங்கிடப்படுகின்றன. முதியவர், அயலூரார், அவ்வாண்டு வேட்டையில் ஒன்றும் கிடைக்காதவர் ஆகிய எல்லோருக்கும் பங்கு உண்டு. இவ்விறைச்சியை விற்பதற்கில்லை. எவ்வளவு பிடித்தார் என்பதைவிட எவ்வளவு கொடுத்தார் என்பதே உமியாலிக்கின் பெருமை.

உணவுக்குப் பின் விளையாட்டு. கடல்நாய்த் தோல்களை இணைத்துத் தைத்த பெரிய விரிப்பைச் சுற்றிலும் பலர் பற்றி இழுக்க, நடுவில் நிற்பவர் வானில் எறியப்படுகிறார். நின்ற நிலையிலேயே மீண்டும் வந்து இறங்குவதுதான் திறமை. மேலே எழும்பும்போது மிட்டாய்களை வாரி இறைப்பதும் உண்டு. அங்கேயும் கொடைதான்! பின்னர் பறையொலியுடன் நடனம் தொடர்கிறது.

இவ்விழாவுக்கு ஒரு முறை பேராபத்து நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகக் கப்பல்கள் அளவின்றிக் கொன்றதனால் திமிங்கிலங்கள் அருகிப்போயின. எஞ்சியவை மிகச் சிலவே என்று கருதிய சர்வதேசத் திமிங்கில ஆணையம், 1977-இல் இம்மக்களின் வேட்டைக்கும் தடை விதித்தது. இனுப்பியாட் வேட்டைக்காரர்கள் தமக்கென ஓர் ஆணையம் அமைத்து வாதாடினர். கண்ணுக்குத் தெரியும் நீர்வழியில் செல்பவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள். பனிக்கடியிலும் திமிங்கிலங்கள் செல்கின்றன என்பதே அவர்கள் வாதம். விரைவிலேயே சிறிய ஒதுக்கீடு ஒன்று கிடைத்தது. பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி ஆராய்ந்தபோது அவர்கள் கூற்று மெய்யென நிலைபெற்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அப்பகுதித் திமிங்கிலங்களை 16,000-க்கும் மேல் என மதிப்பிட்டது. பழியைச் செய்தவர்கள் வணிகர்கள்; தண்டனைக்கு உள்ளாகவிருந்தவர்களோ, அளவறிந்து எடுத்துப் பகிர்ந்துண்டவர்கள்.

இன்று வேறொரு கவலை எழுந்துள்ளது. இறைச்சியைச் சேமிக்க உறைந்த நிலத்தில் தோண்டிய அறைகளுள் சில, பூமி வெப்பமடைவதால் உருகி நீர் கசிகின்றன. கடற்பனியும் முன்போல் உறுதியாக இல்லை. ஆயினும் வேட்டை கிடைத்த ஆண்டுகளில் விழா நடைபெறுகிறது. பிழைப்பை நாடித் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் நகரில் குடியேறிய உறவினருக்கும் பங்கு அனுப்பப்படுகிறது. ஊரை விட்டு வந்தவருக்கு ஊரிலிருந்து வரும் பொட்டலத்தின் அருமையை, இதைக் கேட்கும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.