தள்ளாட்டமும் தள்ளாத வயதும்
(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த மூத்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிற பலருடைய குடும்பங்கள் மலையகத்திலிருந்து வந்தவை. 1977 கலவரத்துக்குப் பிறகு இருபது வயதில் வந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள். கூடையோடு மேடேறிக் கொழுந்து பறித்த கால்கள் சமதரையில் தடுமாறுகின்றன. கேட்டால் "தள்ளாத வயசு, என்ன செய்வது" என்கிறோம். அதைவிட மோசம், "காலையிலேயே போட்டுட்டு வந்திட்டான்" என்ற பேச்சு. வாயில் ஒரு சொட்டுக்கூட வைக்காத ஒருவரை அப்படிச் சொல்லிப் பெறட்டிலிருந்தே திருப்பி அனுப்பியது நம் எல்லோருக்கும் தெரியும். அன்றைய சம்பளமும் போனது, பெயரும் போனது.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் செய்தி அனுப்புகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்துக் காலுக்குக் கட்டளை போடுவது மூளை. சீனி வருத்தம் பாதத்தை மரக்கச் செய்யும், கண்ணில் வெண்படலம் விழும். இவை தெரிந்த கதை. தெரியாதது மூளைக்குள் நடப்பது. பல வருடப் பிரஷரால் அங்கேயுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் தடித்து அடைபடும், பக்கத்து நரம்பிழைகள் கெடும். பாரிசவாதம் போல ஒரே நாளில் தெரியாது. அடி சின்னதாகும், கால் தரையோடு இழுபடும், திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் தள்ளும். பின்னந்தலையிலுள்ள சிறுமூளை கெட்டால் காலை அகட்டி வைத்து நடப்பார்கள். கசிப்பும் அந்தச் சிறுமூளையைத்தான் தின்கிறது. இந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது.

1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்று பதில் சொல்கிற முதியவர்கள்தான் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள். நடை தானாக நடக்காமல், யோசித்து நடக்க வேண்டியதாகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே தண்ணீர் வாளியோடு வருகிற அம்மாவிடம் வீட்டுக் கணக்குக் கேட்காதீர்கள். குருமண்வெளித் துறையில் படகுப்பாதை ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாமே தீராததல்ல. படுக்கையிலிருந்து எழும்பியதும் தலைசுற்றினால் பிரஷர்க் குளிசையின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கலாம். நித்திரைக் குளிசையும் காலைத் தள்ளாட வைக்கும். நாமாக நிறுத்தக்கூடாது, டொக்டரிடம் சொல்ல வேண்டும். கால் தரையில் ஒட்டியது போன்ற நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். சத்திரசிகிச்சையால் நடை திரும்பியவர்கள் உண்டு. விழுந்து தலையில் அடிபட்டவர் சில வாரம் கழித்துத் தூங்கி வழிந்தால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, நிற்க முடியாமல் போனாலோ எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிமிடமே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

இனி தோட்டத்தோடு பேச வேண்டியது. மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பி, போகிற வழியில் வெளிச்சம், வாய்க்காலுக்குக் குறுக்கே உருளாத பலகை. இதற்குப் பணமில்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. வேலையின்போது, வேலையின் காரணமாக விழுந்து காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. "வயசால விழுந்தார்" என்று எழுதவிடாமல், எங்கே, என்ன வேலையில், எதில் வழுக்கியது என்பதை அன்றே பதியச் சொல்லுங்கள். தனியார்துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆட்கள் மிகக் குறைந்த இடங்களுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்பதைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள குளிசை முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நாங்கள் பட்டியல் எழுதித் தருகிறோம், கிளினிக்கில் காட்டலாம். கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது விழுந்தவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம். பெயர்களை இப்போதே எழுதிக்கொள்கிறோம்.