பாய்மரப் படகுப் பந்தயத்தில் மகளிர்



தலைவன் கடல் கடந்து செல்லுங்கால் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கூறுகிறது. அஃது அந்நாளைய வழக்கத்தைப் பதிவு செய்த நூற்பா. ஆயினும், வழக்கம் காலப்போக்கில் விதியாகவும், விதி இயற்கையாகவும் எண்ணப்படுதல் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படுவதே. பாய்மரப் படகுப் பந்தயத்தில் மகளிர் இடம்பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எலேன் தெ பூர்த்தலே அம்மையார் தம் கணவர் முதலியோருடன் ‘லெரினா’ என்னும் படகில் சுவிட்சர்லாந்தின் சார்பில் போட்டியிட்டு வென்றார். ஒலிம்பிக்கில் வாகை சூடிய முதற்பெண்மணி அவரே. ஆனால், மகளிர்க்கென ஒரு பாய்மரப் பந்தயம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1988இல், சோல் நகரில்தான். இடையே 88 ஆண்டுகள்! அதுவரை பெரும்பாலான பந்தயங்கள் இருபாலார்க்கும் பொதுவானவை என்றே சொல்லப்பட்டன. கதவு திறந்திருந்தும் மகளிர் மிகச் சிலரே நுழைந்தமைக்குக் காரணம் யாது?

விடையின் ஒரு பகுதி படகின் அமைப்பிலேயே உள்ளது. காற்று வலுத்தால் பாய் படகை ஒருபுறம் சாய்க்கும். ஓட்டுபவர் மறுபுறம் உடலை வெளியே சாய்த்து அதனை நிமிர்த்த வேண்டும். ஆகவே, பெரிய பாய்க்குக் கனத்த உடல் வேண்டும். ஆடவரின் எடையை எண்ணி வடிவமைத்த படகில் பெண்ணை அமர்த்திவிட்டு, அவளுக்கு வலிமை போதாது என்றுரைத்தல் முறையாகுமா? இன்று ஆடவர் ஓட்டும் ‘இல்கா 7’ படகின் பாய் ஏறத்தாழ 7 சதுர மீட்டர்; மகளிர் ஓட்டும் ‘இல்கா 6’ படகின் பாய் ஏறத்தாழ 5.8 சதுர மீட்டர். படகின் உடலோ இரண்டிற்கும் ஒன்றே. பாயைச் சற்றுச் சுருக்கியதும் காற்றைக் கணிப்பதும் அலையை அறிவதும் போட்டியாளரின் நகர்வை முன்னுணர்வதுமே வெற்றியைத் தீர்மானிக்கலாயின.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பத்துப் பாய்மரப் பந்தயங்களில் நான்கு மகளிர்க்கு, நான்கு ஆடவர்க்கு, இரண்டு கலப்பு அணிகளுக்கு எனச் சம நிலை எய்தப்பட்டது. அக்கலப்புப் பந்தயங்களுள் ஒன்று ‘கட்டமரான்’ எனப்படும் இரட்டையுடல் படகில் நடப்பது. நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

நீள்கடற் பந்தயங்களும் இதனையே உரைக்கின்றன. 2022இல் தொடங்கிய ‘கோல்டன் குளோப்’ உலகச் சுற்றுப் பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் தனியொருவராய்ப் படகோட்டி, இடைவழியில் படகு மூழ்கித் தவித்த சக போட்டியாளரையும் காப்பாற்றி, 2023 ஏப்ரலில் முதலாவதாகக் கரை சேர்ந்தார்.

நம் வட்டாரமும் பின்தங்கவில்லை. சிங்கப்பூரின் கிம்பர்லி லிம், சிசிலியா லோ இணையர் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றனர். தோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கச் சுற்றை எட்டிய முதற் சிங்கப்பூர்ப் பாய்மர வீரர்கள் ஆயினர். மலேசியாவின் நூர் ஷஸ்ரின் அதே ஒலிம்பிக்கில் பங்கேற்றார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் பந்தயத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையை 2021இல் அடைந்தார். தொல்காப்பியம் பிறந்த மொழியின் நிலத்திலிருந்தே ஒருத்தி கடலுக்குச் சென்றாள். எவரும் உடன் அழைத்துச் செல்லாமல், சுக்கானைத் தானே பற்றிச் சென்றாள்.

இனி மொழிக்கு வருவோம். கலம் செலுத்துவோனை இலக்கியம் ‘மீகாமன்’ என்றது. அச்சொல் ஆண்பால் ஈறு கொண்டது. அதற்கு இணையான பெண்பாற் சொல் வழக்கில் இல்லை. செலுத்திய பெண்கள் இருந்திருப்பின் சொல்லும் பிறந்திருக்கும். இதற்காகப் புதுச்சொல் ஒன்றை வலிந்து படைக்க வேண்டுவதில்லை. ‘மாலுமி’, ‘படகோட்டி’ ஆகிய சொற்கள் இருபாலார்க்கும் பொதுவாக நிற்கின்றன. அவற்றைப் பெண்ணுக்குத் தயங்காது வழங்குவோம். கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த மொழி நம்முடையது. ஈஸ்ட் கோஸ்ட் கடலில் சிறு படகில் பயிலும் நம் சிறுமி, அன்றைய காற்றைப் பற்றி வீட்டில் பாட்டியிடம் தமிழில் சொல்லும் நிலை வரவேண்டும்.

அவள் கடலுக்குச் செல்ல விரும்பினால், “உனக்கு எதற்கு?” என்று கேளாதிருப்போம். “இன்று என்ன காற்று?” என்று கேட்போம்.